கிளிமூக்கு விசிறிவால்: ஏலத்துக்குக் கொண்டுபோகும் முன் என்னென்ன பார்க்கணும்?

புதுப்பண்ணை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் அண்ணன்மார்களே. கிளிமூக்கு விசிறிவால் (கிளி போல் வளைந்த அலகும் நீண்டு தொங்கும் வாலும் உள்ள நாட்டுக்கோழி) வளர்க்கிறேன். கருங்கீரி நிறச் சேவல் ஒன்று (22 மாதம்), பெட்டை ஐந்து, 60 முட்டை பிடிக்கும் காற்றாடி வைத்த இன்குபேட்டர் (குஞ்சு பொரிக்கும் பெட்டி). கையில் இருப்பது இவ்வளவுதான். பெட்டைகளில் மூன்று ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகள், மற்ற இரண்டும் வெளியில் வாங்கியவை. தை, மாசியில் வாட்ஸப் குழுக்களில் நடக்கும் ஏலத்தில் விற்பதுதான் திட்டம்.

கேட்க நினைப்பது: குஞ்சாக விற்றால் லாபமா, வால் விழுந்த பிறகு (முழு வால் வளர்ந்து தொங்கிய பிறகு) விற்றால் லாபமா? ஆரம்ப விலையை எப்படி வைப்பது? போன பருவத்தில் பொரித்ததில் நாலில் ஒரு குஞ்சுக்குக் கத்திப்பூ (நெட்டுக்குத்தாக நிற்கும் கொண்டை) வந்திருக்கிறது, அது ஏன்? அப்பன், ஆத்தாள் ஆறுக்கும் பூ சப்பையாகத்தான் இருக்கிறது.

---

கொக்குவெள்ளை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது.

மத்திப்பூ, தவக்களைப்பூ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மண்டையோடு ஒட்டிக் கிடக்கும் அந்தச் சப்பைப் பூவுக்கு அடிப்படை பட்டாணிப்பூ மரபணு. அது ஓங்கும் குணம், நெட்டுக்குத்தாக நிற்கும் கத்திப்பூ ஒடுங்கும் குணம். கத்திப்பூவை உள்ளே ஒளித்து வைத்திருக்கும் கோழி பார்வைக்குச் சப்பையாகத்தான் தெரியும். ஒளித்து வைத்த சேவலும் ஒளித்து வைத்த பெட்டையும் சேர்ந்தால் குஞ்சு நாலில் ஒன்று கத்திப்பூ. உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. சேவலிடம் இருப்பது உறுதி. பெட்டைகளில் யார் என்று தெரிய வேண்டுமானால் முட்டையில் பெட்டையின் எண்ணைப் பென்சிலால் எழுதித் தனித்தனியாகப் பொரிக்க வேண்டும்.

கண்ணாலேயே ஓரளவு பிடிக்கலாம். ஒளித்து வைத்திருக்கும் சேவலுக்கு நடு வரி கொஞ்சம் தூக்கலாக நிற்கும், தாடையும் சுத்தமான சேவலைவிடத் தொங்கும். ஆனால் இது ஊகம்தான். உறுதியான சோதனை வேண்டுமென்றால், சந்தேகப்படும் சேவலைக் கத்திப்பூ உள்ள சாதாரண நாட்டுப் பெட்டையோடு விடுங்கள். ஏழு குஞ்சு பொரித்து ஏழுக்கும் சப்பைப்பூ என்றால் சேவல் சுத்தம் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நம்பலாம். ஒரே ஒரு கத்திப்பூ வந்தாலும் கதை முடிந்தது.

அதற்காகச் சேவலைக் கழிக்கச் சொல்லவில்லை. மூக்கும் வாலும் நன்றாக இருந்தால் சுத்தமான பெட்டையோடு சேர்க்கலாம், ஒரு குஞ்சுக்கும் கத்திப்பூ வராது. பாதிக் குஞ்சு உள்ளே சுமக்கும், அவ்வளவுதான். அதை வாங்குபவரிடம் சொல்லி விற்க வேண்டும். சொல்லாமல் விற்றால் அடுத்த வருஷம் அவர் கொட்டகையில் கத்திப்பூ முளைக்கும்போது உங்கள் பெயரும் சேர்ந்து முளைக்கும்.

---

பஞ்சாரம்

கொக்குவெள்ளை அண்ணன் சொன்னதோடு ஒன்று: இந்த ஏலக் குழுக்களில் எல்லாரும் சேவல் வாலைத்தான் பார்க்கிறார்கள். வால் நீளம் அப்பன் வழியில் மட்டும் வருவது என்று இன்னமும் பேசுகிறார்கள், தப்பு. வாலும் மூக்கும் பல மரபணுக்கள் சேர்ந்து வருவது, பாதி ஆத்தாளிடமிருந்து. பெட்டைக்கு வால் தொங்காததால் அவளிடம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. பெட்டையின் வாலை எடைபோட அவள் கூடப்பிறந்த சேவல்களையும் அவள் அப்பனையும் பாருங்கள்.

நிறத்தில் ஆண் குஞ்சுக்கு ஆத்தாள் பங்கு இன்னும் பளிச்சென்று தெரியும். வெள்ளிநிறம் தங்கநிறம் பிரிக்கும் மரபணு ஆண், பெண் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் இழையில் இருக்கிறது. பெட்டைக்கு அந்த இழை ஒன்றுதான், அதை அவள் ஆண் குஞ்சுக்கு மட்டும் கொடுப்பாள், பெண் குஞ்சுக்குக் கொடுக்க முடியாது. சிதா (வெள்ளிநிறம்) பெட்டையோடு பீலா (தங்கநிறம்) சேவலைச் சேர்த்தால் சேவல் குஞ்சு வெள்ளிப் பக்கம் சாயும், பெட்டைக் குஞ்சு அப்பனைப் போல் தங்கமாக வரும். இது தெரியாமல் "நிறம் உடைந்துவிட்டது" என்று கழிப்பவர்கள் உண்டு.

மூக்கு தேறிவிட்டது என்று எட்டு மாதத்துக்கு முன் தீர்ப்பு சொல்லாதீர்கள். குஞ்சில் வளைவாகத் தெரிந்தது தலை அகன்றதும் சாதாரணமாகிவிடும். தலையை முன்னாலிருந்து பாருங்கள்: மூக்கின் அடி அகலமாக, மேல் அலகு கீழ் அலகை மூடி, வாய் மூடும்போது இடைவெளி இல்லாமல் நேராகப் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் கோணினால் அது கிளிமூக்கு அல்ல, கோணமூக்கு. அதைக் குஞ்சு எடுக்கவே வைக்கக்கூடாது.

---

முட்டைக்கணக்கு

60 முட்டை இன்குபேட்டர் என்றதால் சொல்கிறேன். பெருவிடைப் (பெரிய உடல்வாகு நாட்டுக்கோழி, உங்களுடையது அந்த வகை) பெட்டை ஒரு அடைக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் வைக்கும். ஐந்து பெட்டைக்கு 60 முட்டை சேர வேண்டுமென்று பதினைந்து நாள் சேர்த்து வைத்தால் பழைய முட்டை பொரிக்காது. ஏழு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். 15 முதல் 18 டிகிரி இருந்தால் நல்லது, கூர்முனை கீழே, தினம் ஒருமுறை சாய்த்து வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உள்தட்டு ஆகாது, அது 4, 5 டிகிரிக்குப் போய்விடும். மண்பானையை ஈரமணலில் புதைத்து வைப்பது நம்மூர் வெயிலுக்குப் போதும். இருபது முட்டை சேர்ந்தாலும் வாரம் ஒரு தொகுப்பாக வைத்துவிடுங்கள்.

காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.8. அரை டிகிரி கூடினால் 19, 20ஆம் நாளே பொரித்துத் தொப்புள் மூடாத குஞ்சு வரும். குறைந்தால் 22, 23 வரை இழுக்கும், குஞ்சு சோம்பிக் கிடக்கும். பெட்டியின் திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், காய்ச்சல் பார்க்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றை முட்டை உயரத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஈரப்பதத்தை விட எடை பாருங்கள். 18ஆம் நாளுக்குள் முட்டை 11 முதல் 13 விழுக்காடு எடை இழக்க வேண்டும். 45 கிராம் முட்டை அறுபது என்றால் தட்டு 2,700 கிராம். ஏழாம் நாள் ஏறக்குறைய 126 கிராம் குறைந்து 2,574 நிற்க வேண்டும். அதைவிட அதிகம் குறைந்திருந்தால் தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்குங்கள், குறையாமல் நின்றால் தண்ணீரை எடுத்துவிடுங்கள். (ஏழாம் நாள் வெளிச்சம் வைத்துப் பார்த்துக் கூமுட்டையைக் கழித்தால் அதன் எடையையும் கணக்கிலிருந்து கழிக்க மறக்காதீர்கள். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.) மழைக்காலத்தில் தண்ணீரே ஊற்றாமல் ஓடும். 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரத்தை 65, 70க்கு ஏற்றி மூடியைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். மூக்கு குத்திய முட்டையைப் பார்க்கும் ஆசையில் மூடியைத் திறந்தால் உள்சவ்வு காய்ந்து மற்ற குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளும்.

மின்தடை: முதல் வாரத்து முட்டை சில மணிநேரக் குளிரைத் தாங்கும். பதினெட்டாம் நாளுக்கு மேல் முட்டை தானே சூடு உண்டாக்கும், போர்வை போட்டு மூடிக் காற்றுத் துளையை அடைத்தால்தான் சாகும்.

---

அடைக்கோழி

பெட்டி இருந்தாலும் சிறுவிடைத் (சிறிய உடல்வாகு நாட்டுக்கோழி) தாய் இரண்டை அடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெருவிடைப் பெட்டை கனம், மிதித்து முட்டையை உடைத்துவிடும். சிறுவிடைக்கு எட்டு, பத்து முட்டை அளவு. பூச்சி இல்லாத தாயாக இருக்கட்டும், அடை வைக்கும் முன் செல்லுப்பூச்சிக்கு மருந்து போட்டுப் பத்து நாள் கழித்து மறுபடி போடுங்கள். முதல் மருந்து ஈரில் வேலை செய்யாது, அது பொரித்து வந்தபின் அடிப்பதற்குத்தான் இரண்டாவது.

---

வெள்ளைக்கால்

கேள்வி: சேவல், பெட்டை எல்லாவற்றுக்கும் லேயர் தீவனம் போடலாமா? முட்டைக் கருக்கூடுதல் ஏறும் என்றார்கள்.

---

பஞ்சாரம்

சேவலுக்கு வேண்டாம் தம்பி. லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை விழுக்காடு அளவு. முட்டை ஓட்டுக்காக வைத்தது அது. ஓடு போடாத சேவலும் வளர் குஞ்சும் மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெட்டு, மூட்டில் உப்புப் படியும். எல்லாருக்கும் ஒரே தீவனம், 16 முதல் 18 விழுக்காடு புரதம், பெட்டைக்கு மட்டும் கிளிஞ்சல் ஓட்டைத் தனித் தட்டில் வையுங்கள். தேவைப்படும் பெட்டை கொத்திக்கொள்ளும், சேவல் தொடாது.

கம்பும் மக்காச்சோளமும் மட்டும் போட்டு வளர்த்தவை ஏலத்தில் பார்த்தவுடனே தெரியும்: வால் குட்டை, தூவியில் குறுக்கே கோடு. கம்பில் புரதம் 11, 12 விழுக்காடு, மக்காச்சோளத்தில் 9. இறகு உதிர்ந்து முளைக்கும் மாதங்களில் அது காணாது. கரையானோ, கருவாட்டுத் தூளோ, புண்ணாக்கோ ஏதாவது சேரணும். கருவாட்டுத் தூள் என்றால் உப்பில்லாதது. உப்புக் கருவாட்டால் கழிச்சல் வரும்.

முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துக் கிடப்பதற்குக் காரணம் பல, அதோடு பொரித்த குஞ்சும் விரலை உள்ளே மடக்கி நடந்தால் பெரும்பாலும் தாய்க்கு பி2 வைட்டமின் பற்றாக்குறை. அடை பருவத்துக்கு மூன்று வாரம் முன்பே பெட்டைகளுக்குப் பசுந்தழையும் வைட்டமின் கலவையும் கொடுக்கத் தொடங்குங்கள். விரல் மடங்கிய குஞ்சுக்கு உடனே கொடுத்தால் சரியாகலாம், முற்றிய பின் கொடுத்துப் பயனில்லை.

---

கருங்கீரி

வால் பற்றிக் கேட்டதால். முதல் வருஷத்து வால் இளவால். முழு விசிறி இரண்டாவது இறகு உதிர்வுக்குப் பிறகுதான் விழும். ஆவணியில் தொடங்கி ஐப்பசி வரை பழையது உதிர்ந்து புதிது குருத்து விடும், தையில் பளபளக்கும். ஏலமும் கண்காட்சியும் தை, மாசியில் சூடுபிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குருத்து விடும்போது தூவிக்குள் ரத்தம் ஓடும். அந்த நேரத்தில் வாலைப் பிடித்துத் தூக்கினாலோ கூண்டுக் கம்பியில் உரசினாலோ முறியும். முறிந்த தூவி பாதியில் நின்றால் அடுத்த உதிர்வு வரை மாறாது.

சேவல் ஏறி உட்காரும் தடி: தரையிலிருந்து மூன்றடி, உருண்டையாக இரண்டங்குலப் பருமன், சுவரிலிருந்து வால் நீளம் போக ஒரு அடி கூடத் தள்ளி. நாலடிக்கு மேல் கட்டினால் வால் தரையில் படாது என்று உயர்த்திக் கட்டுவார்கள். கனத்த சேவல் சிமெண்ட் தரையில் குதித்துக் குதித்து உள்ளங்காலில் ஆணி விழும். தரையில் நாலங்குல மணல், வாரம் இருமுறை சலித்து.

சேவல்குஞ்சுகளைத் தனித்தனியாகப் பிரிக்க மூன்றாம் மாதத்தைத் தாண்டாதீர்கள், சில கூட்டம் எட்டு வாரத்திலேயே அடித்துக்கொள்ளும். கண்ணில் ஒரு கொத்து போதும், ஏல விலை பாதி. இரண்டு கூண்டுக்கு நடுவே வலை மட்டும் இருந்தால் வலை வழியாகவே சண்டை போட்டு மூக்கைத் தேய்த்துவிடும். இரண்டடி உயரத்துக்குத் தகரமோ சாக்கோ மறைப்பு வேண்டும்.

---

புதுப்பண்ணை

ஆத்தாள் ஒன்றான மூன்று பெட்டைகளை வைத்தே ஓட்டலாமா? அந்த மூன்றின் அப்பன்தான் இந்தச் சேவல்.

---

கொக்குவெள்ளை

அப்பனும் மகளும் என்றால் பிறக்கும் குஞ்சின் உட்கலப்பு அளவு 25 விழுக்காடு. குணத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு தலைமுறை செய்வார்கள், தவறில்லை. அடுத்த தலைமுறையிலும் அதையே செய்தால் கருக்கூடாத முட்டை, சின்னக் குஞ்சு, கோண அலகு வரத் தொடங்கும். அந்த ஐந்தில் வெளிப் பெட்டை இரண்டும் தங்கம், அவற்றை விற்றுவிடாதீர்கள்.

ஒரு சேவல், பத்துப் பெட்டை என்று பெருமையாகச் சொல்வார்கள். உட்கலப்புக் கணக்கில் அது நாலு கோழிக்கும் குறைவான கூட்டத்துக்குச் சமம். சூத்திரம் எளிது: சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டும் சேர்ந்த தொகையால் வகுக்கவும். 1, 10 என்றால் 40 வகுத்தல் 11, அதாவது 3.6. மூன்று சேவல், பன்னிரண்டு பெட்டை என்றால் 144 வகுத்தல் 15, அதாவது 9.6. பெட்டையை எத்தனை கூட்டினாலும் சேவல் ஒன்றுதான் என்றால் எண் நாலைத் தாண்டவே தாண்டாது.

சின்ன இடத்துக்கு மூன்று கொட்டில் முறை போதும். அ, ஆ, இ என்று மூன்று கொட்டில். பெட்டைக் குஞ்சு பிறந்த கொட்டிலிலேயே தங்கும். தேர்ந்த சேவல்குஞ்சு மட்டும் வருஷா வருஷம் ஒரு கொட்டில் தள்ளிப் போகும்: அ-வில் பிறந்தது ஆ-வுக்கு, ஆ-வில் பிறந்தது இ-க்கு, இ-யில் பிறந்தது அ-வுக்கு. வெளிரத்தம் வாங்காமல் பல வருஷம் ஓடும்.

அடையாளத்துக்குக் கால் சவ்வில் துளை. பொரித்த அன்றே, கால் ஒன்றுக்கு இரண்டு சவ்வு, மொத்தம் நாலு இடம், துளை உண்டு இல்லை என்று பார்த்தால் 16 வகை கிடைக்கும். சின்னப் பண்ணைக்கு அதற்குமேல் தேவையில்லை. துளை போட்டு மறுவாரம் பாருங்கள், சரியாக வெட்டவில்லை என்றால் சவ்வு கூடிவிடும்.

---

சந்தைப்பேட்டை

விற்பனைக்கு வருவோம். தம்பி கேட்ட "குஞ்சா, வால் விழுந்த சேவலா" என்பதற்கு மோட்டாக் கணக்கு ஒன்று. இது கணக்குக்காக வைத்த எண், உங்கள் பண்ணையில் மாறும்.

நூறு முட்டை வைத்தால் கருக்கூடியது 80, பொரித்தது 60, எட்டு வாரம் தாண்டியது 50. சேவல் 25. அதில் மூக்கு, கண், கால், வால் நாலும் தேறுவது நாலோ ஐந்தோ. 14 மாதம் வளர்க்க ஒரு சேவல் நாளுக்கு 100 கிராம் வீதம் 42 கிலோ தின்னும். தீவனம் கிலோ 40 ரூபாய் என்றால் 1,680. இது தேறிய சேவலின் செலவு மட்டும். தேறாத இருபதும் ஐந்து மாதம் தின்ற தீவனம், கறி விலைக்குப் போகும்போது எவ்வளவு திரும்பியதோ அது போக மிச்சத்தை இந்த நாலைந்தின் தலையில் ஏற்ற வேண்டும். மருந்து, மின்சாரம், ஏலப் படம் எடுக்கும் நேரம் எல்லாம் அதற்குப் பிறகு. இந்தத் தொகைதான் உங்கள் தரைவிலை. ஆரம்ப விலை அதற்குக் கீழே இருக்கவே கூடாது.

லட்சம் தொட்ட சேவல் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். அது அந்தச் சேவலின் விலை. இனத்தின் விலை அல்ல.

எனவே: தேறாத சேவலை ஐந்தாம் மாதமே கறிக்கு. பெட்டைக்குஞ்சை இரண்டு மாதத்தில் ஏலத்தில் விடாதீர்கள், முட்டைக்கு வரும் நேரத்தில் விடுங்கள், அப்போது கூடப்பிறந்த சேவலின் படத்தைக் காட்டி விற்கலாம். குஞ்சாக விற்பது கையில் காசு சுழலுவதற்கு, அதில் பெயர் வளராது. "செட்" என்று ஒரு சேவல், இரண்டு பெட்டையாகப் போடும்போது சேவல் விலை தூக்கிப் பெட்டை சும்மா போய்விடும். பெட்டைக்குத் தனி ஏலம் வையுங்கள் என்பது என் கட்சி. பஞ்சாரம் அண்ணன் மேலே சொன்னதன் காசுப் பக்கம் இதுதான்.

---

கருங்கீரி

செட்டை முழுக்க ஒதுக்க முடியாது. புதிதாகத் தொடங்குபவர் ஒரே இடத்தில் உறவில்லாத மூன்றைத் தேடுகிறார். உறவில்லை என்று சவ்வுத் துளைக் கணக்கோடு காட்டினால் செட்டுக்கே நல்ல விலை. அண்ணன் தங்கையைச் செட் என்று கட்டி விடுவதைத்தான் ஒழிக்கணும்.

---

சந்தைப்பேட்டை

அது சரி, ஒத்துக்கொள்கிறேன். துளைக் கணக்கு இருந்தால் மட்டும்.

ஏலப் பதிவில் என்ன இருக்க வேண்டும்: பொரித்த தேதி, தராசில் நிற்கும் எடைப் படம், தலை இடம், வலம், நேர்முகம், கண் அருகில், பூ மேலிருந்து, இரண்டு காலும், வால் அளவுநாடாவோடு. முப்பது நொடி நடக்கும் காணொளி, வெட்டு ஒட்டு இல்லாமல். அப்பன், ஆத்தாள் படம். கடைசித் தடுப்பூசித் தேதி. குறை இருந்தால் முதல் வரியிலேயே.

படம் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள், சேவல் நிழலில், பின்னணியில் சாம்பல் நிறச் சாக்கு. உச்சி வெயிலில் கருங்கீரி எண்ணெய்க்கருப்பாகத் தெரியும், பிறகு "நிறம் வேற" என்று சண்டை வரும்.

விதி எழுதிப் போடாத ஏலத்தில் சேவலை விடாதீர்கள். கேட்பு ஏறும் படி (500 அல்லது 1,000), முடியும் நேரம், கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்பு வந்தால் இன்னொரு ஐந்து நிமிடம் நீளும் என்ற விதி. இது இல்லாவிட்டால் எல்லாரும் கடைசி நொடிக்குக் காத்திருப்பார்கள், விலை ஏறாது. வென்றவர் ஒரு மணி நேரத்தில் கால் பங்கு முன்பணம், மீதி ஏற்றி அனுப்பும் முன். தவறினால் இரண்டாவது கேட்டவருக்கு அவர் கேட்ட விலைக்கே. கூட்டாளியை வைத்து விலை ஏற்றுவது ஒருமுறை வெளியே தெரிந்தால் அந்தக் குழுவில் அப்புறம் யாரும் உங்கள் சேவலைக் கேட்க மாட்டார்கள்.

முகநூலில் உயிருள்ள விலங்கு விற்பனைப் பதிவுக்கு அவர்கள் விதியிலேயே தடை உண்டு. பதிவு காணாமல் போனால் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் என்று குழுவில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

---

வெள்ளைக்கால்

வாங்குபவர் பக்கம் என்ன பார்க்கணும்? படத்தில் எல்லாமே அழகாகத்தான் தெரியுது.

---

பஞ்சாரம்

நேரில் பார்க்க முடிந்தால் வரிசை இதுதான். முதலில் தூரத்தில் நின்று அது நிற்பதைப் பாருங்கள், பிறகு கையில் எடுங்கள். எடுத்ததும் மார்பெலும்பைத் தடவுங்கள்: கத்தி போல் இருந்தால் உள்ளே புழு அல்லது நோய், கோணலாக இருந்தால் வளர்ப்பில் குறை. மூக்குத் துளையை லேசாக அழுத்துங்கள், சளி வருகிறதா. காதுப் பக்கம் வைத்து மூச்சைக் கேளுங்கள், கறகற என்றால் வைத்துவிட்டு வாருங்கள். சளிக் கிருமிகளில் மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும், மருந்தில் அடங்கும், ஒழியாது. வாங்கினால் கொட்டில் முழுக்க வாங்கிய மாதிரி.

ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கிச் செல்லு பாருங்கள். வால் அடியில் ஒவ்வொரு தூவியாகப் பிடித்து மெல்ல இழுங்கள். ஒட்டிய தூவி அங்கே தெரியும். ஈரப் பஞ்சால் கழுத்து இறகைத் துடையுங்கள், சாயம் பஞ்சில் ஏறும். அலகு முனையில் அரம் போட்ட தடம் இருந்தால் பளபளப்பு மாறியிருக்கும். பூவின் மேல் வழவழவென்று தழும்பு இருந்தால் அறுத்திருக்கிறார்கள், அடியில் கத்திப்பூ இருந்திருக்கலாம். காலின் பின்முள்ளைச் சீவியிருந்தால் வயதை மறைக்கிறார்கள் என்று பொருள். அப்போது கால் செதிளைப் பாருங்கள், கிழட்டுச் சேவலுக்கு அது தடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், கடைசியாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆத்தாளைக் காட்டுங்கள்.

---

சந்தைப்பேட்டை

வாரச் சந்தையிலும் இதே சோதனைதான், நேரம்தான் கிடைக்காது. திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் வியாழன் சந்தையில் விடியும் முன்பே நல்லது கைமாறிவிடும். டார்ச் கொண்டு போங்கள். சந்தையில் வாங்கிய கோழியையும், விற்காமல் திரும்பிய உங்கள் கோழியையும் ஒரே மாதிரி நடத்துங்கள்: 21 நாள் தனிக்கூண்டு, கொட்டிலிலிருந்து காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கம், தீவனம் வைப்பதில் அது கடைசி. திரும்பி வந்த சொந்தச் சேவல்தானே என்று நேராக உள்ளே விடுவதுதான் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) நுழையும் வழி.

அனுப்பும்போது: அட்டைப்பெட்டி வேண்டாம், மூங்கில் கூடை அல்லது ஒட்டுப்பலகைப் பெட்டி. சேவல் நின்றால் தலை இடிக்காத உயரம், வால் மடங்காத நீளம், நாலு பக்கமும் துளை. அடியில் வைக்கோல். கிளம்பும் நான்கு மணி நேரம் முன் தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். பயணத்தில் தண்ணீருக்குப் பதில் வெள்ளரித் துண்டு, சிந்தாது. சித்திரை, வைகாசியில் பகல் பயணமே வேண்டாம்.

---

கால்நடைக்கையேடு

தடுப்பூசி அட்டவணை யாரும் சொல்லவில்லை. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா அல்லது எஃப்-1 கண்ணில் ஒரு சொட்டு. 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கு. 28ஆம் நாள் லசோட்டா மறுபடி. ஆறாவது வாரம் அம்மை. எட்டாவது வாரம் மறுபடி வெள்ளைக்கழிச்சலுக்கு ஆர்2பி, இறக்கை அடியில் தோலுக்குக் கீழ் அரை மில்லி. ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கு ஆர்2பி போட்டால் தடுப்பூசியே நோயாகிவிடும். மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சின்னக் கூட்டத்துக்குக் கரைத்து மிச்சம் கொட்டுவது வீண் என்று நினைப்பவர்கள் பக்கத்துப் பண்ணையோடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். குருணையாகத் தீவனத்தில் கொடுக்கும் ராணிக்கெட் மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது, வெளியில் மேயும் கோழிக்கு அது வசதி. ஏலத்துக்கு இரண்டு வாரம் முன்பே எல்லா ஊசியும் முடிந்திருக்கட்டும், ஊசி போட்ட வாரம் கோழி சோர்ந்து நிற்கும்.

பறவைக்காய்ச்சல் அறிவித்தால் நோய் கண்ட இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் அழிப்புப் பகுதி, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. அங்கிருந்து கோழி, முட்டை எதுவும் நகரக்கூடாது. முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

---

மட்டுறுத்துநர்

ஒரு குறிப்பு. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது குற்றம். சண்டை, கத்தி, பந்தயம் பற்றிய பதிவுகள் இங்கே நீக்கப்படும். இந்த இழை அழகுச் சேவலும் இனவிருத்தியும் பற்றியது, அப்படியே தொடரட்டும்.

---

புதுப்பண்ணை

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். கத்திப்பூ சுமக்காத வேறு சேவலை ஒரு அண்ணனிடம் இரவல் பேசியிருக்கிறேன். பழைய சேவலை எடுத்துவிட்டு இதை விட்டால் எத்தனை நாளில் முட்டை சேர்க்கலாம்? விசிறிவால் சேவல் ஏறினாலும் கருக்கூடாத முட்டை அதிகம் வருகிறது, அதற்கு வழி உண்டா?

---

முட்டைக்கணக்கு

பழைய சேவலின் விந்து பெட்டை உடம்பில் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். பழையதை எடுத்த நாளிலிருந்து 21 நாள் முட்டையைச் சமையலுக்கு எடுங்கள். புதுச் சேவலை உடனே விட்டாலும் சரி, அப்பன் யார் என்று அந்த 21 நாள் முட்டைக்கு எழுத வேண்டாம். புதுச் சேவல் ஏற்கெனவே கூட இருந்தால் 22ஆம் நாளிலிருந்து பென்சில்.

ஆனால் உங்களுடையது இரவல் சேவல், வந்ததும் நேராகப் பெட்டைகளிடம் விடாதீர்கள், அதற்கும் அந்த 21 நாள் தனிக்கூண்டு உண்டு. அதனால் பழையதை இன்றே பிரித்தால் இரண்டு கணக்கும் ஒன்றாக முடியும். அதன்பின் சேவலைப் பெட்டைகளோடு விட்டு ஒரு வாரம் கழித்துச் சேர்க்கத் தொடங்குங்கள்.

கருக்கூடாததற்கு: சேவலுக்கும் பெட்டைக்கும் ஆசனவாயைச் சுற்றி ஓரங்குல வட்டத்துக்கு மென்தூவியைக் கத்தரியுங்கள், வால் தூவியைத் தொடாமல். சேவலின் முள் முனையை மழுக்குங்கள், பெட்டையின் முதுகு கிழிந்தால் அது குனிந்தே கொடுக்காது. ஒரு சேவலுக்கு நாலைந்து பெட்டைக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகும் ஏழாம் நாள் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தெளிவாக இருந்தால் எந்தப் பெட்டையின் எண் என்று பாருங்கள். ஒரே பெட்டை என்றால் குறை அவளிடம், எல்லாப் பெட்டையும் என்றால் சேவலிடம்.